பில்லுக்காரிக்கு முதலில் தெரிந்தது

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவள் வந்துவிடுவாள். இவர் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். அவள் அதே கடையில் பில் போடுகிறவள். பில்லுக்காரி என்பது நான் வைத்த பெயர். 'இந்தப் பச்சையில கறுப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு அவங்க சொன்னாங்க.' 'வெளிச்சத்துல வச்சுப் பாருங்கன்னு அவங்க சொன்னாங்க.' வெள்ளையிலேயே முப்பது வகை பிரித்துச் சொல்கிற மனுஷனுக்கு, எது பச்சை என்று அவள் பாடம் எடுக்க வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொறாமைதான். பூசி மெழுக எனக்கு வராது. இந்த மனுஷனை நான் சாவின் வாயிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எச்.ஐ.வி. என்று தெரிந்தபோது இவர் எலும்பும் தோலுமாக இருந்தார். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாத அந்த நேரம் பார்த்து இடது கண்ணின் விழித்திரையில் வேறொரு கிருமி புகுந்து ஓரத்தை அரித்துவிட்டது. ஊசி, மருந்து, ஆஸ்பத்திரி வராந்தா எல்லாவற்றுக்கும் நான்தான். எனக்குத் தொற்றவில்லை. ஆனால் அந்த ரகசியத்தை அவரோடு சேர்ந்து சுமந்தவள் நான் ஒருத்திதான். என் மாமியாருக்குக்கூட இன்றுவரை தெரியாது.

மாத்திரை வேலை செய்தது. இப்போது இவர் ரத்தத்தில் கிருமியைத் தேடினாலும் அகப்படாது. கண்ணில் தழும்பு மட்டும் நின்றது. மாத்திரையை விடாமல் போடுங்கள், விழித்திரையை வருடா வருடம் காட்டுங்கள் என்றார் டாக்டர். முதல் வேலையை ஒழுங்காகச் செய்தோம். இரண்டாவதை நான்கு வருடம் செய்தோம். ஆள் கல்லுக்குண்டு மாதிரி ஆனதும் விட்டுவிட்டோம்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு என் போனில் பில்லுக்காரியின் எண் வந்தது. இவளுக்கு என்னோடு என்ன பேச்சு? கட் செய்தேன். மறுபடி அடித்தது. கட் செய்தேன். மூன்றாவது தடவை கட் செய்தபோது, உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் தித்திப்பாகவே இருந்தது. அவர் வேலை முடிந்து வந்த பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கடைக்கே கிளம்பிவிட்டேன்.

கடையின் பின்கட்டில், டப்பா அடுக்குகளுக்கு நடுவில், இவர் ஒரு கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். பில்லுக்காரி தன் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தியிருந்தாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"கைய எடு" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. இன்னொரு கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, "எத்தனை விரல்?" என்று கேட்டாள்.

"விரலே தெரியல" என்றார் இவர்.

அப்புறம்தான் அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நேத்து உங்களுக்கு மூணு தடவை போட்டேன். கண்ணோரத்துல கறுப்பாத் திரை விழுதுன்னார். இன்னைக்கு நடு வரைக்கும் வந்துடுச்சு. விழித்திரை கழண்டிருக்கும்போல. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். வண்டி வந்துட்டிருக்கு."

"டாக்டருக்குப் படிச்சியா நீ?"

"இல்லக்கா. எனக்கும் அதே மாத்திரைதான். ஒன்பது வருஷமா. கண்ணுக்கு என்னென்ன வரலாம்னு எங்களுக்குச் சொல்லித் தந்திருக்காங்க."

எங்களுக்கு என்றாள். அந்த வார்த்தையில் அவரும் அவளும் இருந்தார்கள். நான் இல்லை.

வண்டியில் அவர்தான் பேசினார். மாத்திரை வாங்கும் வரிசையில் ஒரு நாள் இருவரும் பார்த்துக்கொண்டார்களாம். இரண்டு வருடமாகவே அவருக்கு இரண்டு கண்ணிலுமே பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றாகத் தெரிகின்றனவாம். கலந்த நிறத்தையெல்லாம் அவள் ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுப்பாராம். வேலை போகாமல் இருப்பது அவளால்தானாம்.

"கண்ணக் காட்டுங்கன்னு அவங்க சொல்லிட்டேதான் இருந்தாங்க. நான்தான் தள்ளிப் போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மறுபடி அந்த வராந்தாவுல உன்ன உக்கார வைக்க மனசு வரல."

"நேத்தே கூட்டிட்டுப் போறேன்னேன்" என்றாள் அவள். "வீட்டுல சொல்லாம வர மாட்டேன்னு அடம் பிடிச்சார். உங்ககிட்ட சொல்லவும் தைரியம் இல்ல. அதான் நான் போட்டேன்."

எனக்கு இல்லாத ஒரு நோயின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அந்தத் திரை அவர் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தபோதும் வந்தது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

டாக்டர் சொட்டு மருந்து ஊற்றி வெகு நேரம் பார்த்தார். "பழைய தழும்போரம் கிழிஞ்சு விழித்திரை விலகியிருக்கு. நடுப்பகுதியும் விலகிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். எப்போ ஆரம்பிச்சுது?"

"நேத்துக் காலைல" என்றார் இவர்.

"அப்பவே வந்திருந்தா நடுப்பகுதியக் காப்பாத்தியிருக்கலாம். இனிமே இந்தக் கண்ணுல எழுத்துப் படிக்கிற அளவுக்குப் பார்வை வருமான்னு என்னால சொல்ல முடியாது. ஏன் வரல?"

பில்லுக்காரி தொண்டையைச் செருமினாள்.

"என் தப்புதான் டாக்டர். வீட்டுக்குத் தகவல் சொல்றேன்னு சொன்னேன். கடைக் கூட்டத்துல மறந்துட்டேன்."

நான் அவளையே பார்த்தேன். அவருக்குக் கண் மங்குவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய பயம் தெரிந்திருக்கிறது. இப்போது என் பழியையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவளே நல்லவளாகப் போகிறாள். இதையாவது விடுவேனா?

"பொய் டாக்டர்" என்றேன். "மூணு தடவை கூப்பிட்டா. மூணு தடவையும் நான்தான் கட் பண்ணினேன். வேணும்னே பண்ணினேன்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுக்கப் போனார். பில்லுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். சொட்டு மருந்தில் விரிந்த கண்களோடு இவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"தெரியும்" என்றார். "அவங்க நேத்தே சொல்லிட்டாங்க. சாயங்காலம் நீயா 'என்ன'ன்னு ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடலாம்னு உன் எதிர்லயே உக்காந்திருந்தேன்."