எழும்பூரில் இறங்குகிறவர்கள்

மொட்டை மாடிக்கு ஏறிய மாத்திரத்தில் சாண்ட்ராவுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், இரண்டே அறை. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் மாடியிலிருந்து துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. கடற்காற்று அவளுடைய துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"தோ பாரு, மஞ்ச கலர் கிரேனுங்க தெரியிதா? மூணாவது என்து," என்றான் அலெக்ஸாண்டர். "நீ இங்க துணி காயப்போட்டா நான் மேல இர்ந்தே பாப்பேன்."

"நான் காயப்போடுவேன்னு யாரு சொன்னது? நீ போடு, நான் ஒக்காந்து பாக்கறேன்."

இருவருக்கும் இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். கோயில் பாட்டுக் குழுவில் ஆரம்பித்த பழக்கம், இரண்டு வீட்டாரும் சம்மதித்தாயிற்று, மண்டபம்கூடப் பேசியாயிற்று. குடிபோக வீடுதான் அமையவில்லை. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் காலை ஆறு மணிக்கு ஷிப்ட். பெண்ணுக்குச் சோழிங்கநல்லூரில் சாப்ட்வேர் வேலை. நடுவில் மொத்தச் சென்னையும் படுத்துக் கிடந்தது. அது 2006. ஐ.டி.காரர்கள் என்றால் வேளச்சேரி என்று ஊரே முடிவு செய்துவிட்டிருந்த காலம். இவர்களும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே அலைந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் அவர்கள் காலண்டரில் தேதி கிழிக்கலாம். "ஆல் ஐ.டி. பீப்பிள் மேடம், டீசன்ட் ஏரியா," என்று புரோக்கர் ஐந்து வீட்டிலும் ஒரே பாட்டைப் பாடினார்.

"உனுக்கு புட்ச்சிர்ந்தா வேளச்சேரியே எட்த்துக்கலாம். நான் காலைல மூண்ற மணிக்கு எய்ந்துகினு வண்டில வந்துர்றேன்," என்று அலெக்ஸாண்டர் சொன்னான். நிஜமாகவே செய்யக்கூடியவன்தான். அதுதான் அவளுக்குப் பயம். அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டி வந்து அந்த உயரத்தில் ஏறி உட்காருகிறவனை நினைத்துக்கொண்டு அவள் எப்படி நிம்மதியாகக் கம்ப்யூட்டரைத் தட்டுவாள்?

வீட்டுக்காரர் வேதமாணிக்கம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நேரத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட மனிதர். "வர்ற ஞாயித்துக்கெயம ரெண்டாம் பூச முடியிற வரைக்கும் பாப்பேன். அதுக்கப்பால வேற ஆளுக்கு குட்துருவேன். அப்றம் வந்து பேஜாரு பண்ணக் கூடாது," என்றார்.

சாண்ட்ராவால் சரி என்று சொல்ல முடியவில்லை. ராயபுரத்தில் இருந்துகொண்டு சோழிங்கநல்லூர் போவது எப்படியென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கம்பெனி பஸ் எழும்பூரில்தான் புறப்படும். அதைப் பிடிக்கக் கல்மண்டபத்து அம்மா வீட்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். வழியில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் தேர் மாதிரி நின்றுவிட்டால் அவ்வளவுதான். அந்த மாதம் மட்டும் மூன்று முறை பஸ்ஸை விட்டுவிட்டாள். இன்னொரு முறை தாமதமானால் பிராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை நம்புகிற அளவுக்கு அவள் அப்பாவி இல்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. புதிய பஸ் தடம் வேண்டுகிறவர்கள், ஒரே பகுதியிலிருந்து இருபது பேர் சேர்ந்து, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் போக்குவரத்துப் பிரிவில் எழுதித் தர வேண்டும். சாண்ட்ரா அதை மூன்று முறை படித்தாள். மறுநாள் மதியம் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டுப் போக்குவரத்து அதிகாரி ராமதாஸிடம் ஓடினாள்.

ராமதாஸ் மெலிந்த, முகத்தில் சிரிப்பைக் காட்டாத மனிதர். கம்ப்யூட்டரில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்... ஒருத்தர்கூட இல்லையே, மேடம். ரெக்கார்டுப்படி அந்தப் பக்கம் நம்ம ஸ்டாஃப் யாருமே கிடையாது."

"நான் இருக்கேனே, சார்."

"நீங்க எழும்பூர்," என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

எழும்பூர்தான். அவள் கையாலேயே எழுதிக் கொடுத்தது. அத்தை வீட்டு விலாசம். அதற்கு முன்னால் போன ஒரு கம்பெனி நேர்காணலில் ராயபுரம் என்று சொன்னதும், "ஓ, அந்த ஏரியாவா? அங்கல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கா?" என்று ஒருவர் கேட்டு, மற்ற இருவரும் சிரித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு போதாதா? இந்தக் கம்பெனிக்கு அவள் எழும்பூர்க்காரியாகவே வந்து சேர்ந்தாள். பதினான்கு மாதமாக அந்தப் பொய்க்குத் தினமும் காலையில் போய்க் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"அது மட்டும் இல்ல, மேடம். அங்க பஸ் விட்டா தண்டையார்பேட்டை டோல்கேட்ல எங்க திருப்புறது? பெட்ரோல் பங்க்கை ஒட்டின சந்துலதான் திருப்பணும். அங்கயும் ஏழு மணி வரைக்கும் மீன் வண்டி நிக்கும்." ராமதாஸ் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். வெட்கத்தில் காது சிவந்து நின்ற சாண்ட்ராவுக்கு, முகம் மறைத்து வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

படி இறங்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நான் எழும்பூரென்று புளுகியிருந்தால், நான் ஒருத்திதானா புளுகியிருப்பேன்? எழும்பூர் பஸ்ஸில் ஐம்பது பேர் வருகிறார்களே, அத்தனை பேருக்கும் எழும்பூரில் எங்கே வீடு இருக்கிறது? அங்கே இருப்பதெல்லாம் லாட்ஜும் ஆஸ்பத்திரியும்தானே! நடுப்படியில் நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

தினமும் மாலையில் எழும்பூரில் இறங்கியதும் அவளுக்கென்று ஒரு நாடகம் உண்டு. அத்தை வீட்டுப் பக்கம் நடப்பதுபோல் நடந்து, ஒரு ஜூஸ் கடை ஓரமாக நிற்பாள். மற்றவர்கள் கலைந்த பிறகு அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் திரும்பிவந்து திருவொற்றியூர் பஸ் ஏறுவாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். யாரையும் பார்க்காததால், தன்னையும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஜூஸ் கடைக்குப் போகவில்லை. இறங்கியதும் நேராகத் திருவொற்றியூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நடுவில் நின்றுகொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் மருந்துக் கடைப் பக்கமிருந்து ஒருவன் வந்தான். டெஸ்டிங் பிரிவு டில்லிபாபு. ஆபீசில் 'ஆக்சுவலி' சேர்க்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டான். புறப்படாமல் நின்ற பஸ்ஸைப் பார்த்து, "இன்னா மாமு, வண்டிய இன்னிக்கி எட்ப்பியா, இல்ல பொங்கலுக்குத்தானா?" என்று டிரைவரிடம் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பியவன், சாண்ட்ராவைப் பார்த்தான். வெளிறிப் போனான்.

"ஆக்சுவலி, ஒரு பிரெண்டைப் பார்க்க..."

"நான் ராயபுரம், டில்லிபாபு. கல்மண்டபம். பொறந்ததுலர்ந்து அங்கதான் கீறேன்," என்றாள் சாண்ட்ரா. அந்த வார்த்தைகளை அவள் சொந்த ஊர்ப் பேச்சில் கம்பெனி ஆளிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

டில்லிபாபு அவளையே பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் திணித்திருந்த அட்டையை வெளியே எடுத்துவிட்டான். "அட, தூ! நான் காலடிப்பேட்ட. ரெண்டு வர்சமா அந்த மெடிக்கல்ல தலவலி மாத்திர வாங்கிகினு கீறேன். கடக்காரன் எனுக்கு இன்னாவோ பெரிய வியாதின்னு நென்ச்சினு கீறான்!"

பூக்கடையில் பேரம் பேசுவதுபோல் நின்றிருந்த ஒரு பெண் இதைக் கேட்டுத் தானே நடந்து வந்தாள். கார்குழலி, சம்பளப் பிரிவு. "நான் எண்ணூருங்க. தெனம் அரை முழம் பூ. தலைல வெக்க எடமே இல்ல," என்றாள். மூன்று பேரும் பஸ்ஸின் கடைசிச் சீட்டில் நெருக்கிக்கொண்டு, ராயபுரம் வருகிறவரை பேசிச் சிரித்தார்கள். இறங்க வேண்டிய இடத்தைச் சாண்ட்ரா கிட்டத்தட்டத் தவறவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை, வேலை அலுக்கவில்லை. ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தார். சனிக்கிழமை தவறாமல் காசிமேட்டு மீனைப் பற்றி உணர்ச்சிவசப்படுகிற ஒருவர், பெரம்பூர் என்று சொல்லிக்கொண்டு தண்டையார்பேட்டையில் அகப்பட்டார். மாடிப்படியிலும் தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் கிசுகிசுவென்று பேச்சு. ஏழு, பதினொன்று, பதினாறு. வியாழன் மாலை இருபது! அன்றிரவே வேதமாணிக்கத்திடம் சொல்லிவிடலாமா என்று கை பரபரத்தது. "அவசரப்படாத, கையெய்த்து ஆவட்டும்," என்று அலெக்ஸாண்டர்தான் அடக்கினான்.

அவன் சொன்னதுதான் சரியாயிற்று. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "வீட்ல எனக்குப் பொண்ணு பாக்கறாங்க. அண்ணா நகர்னு சொல்லி வெச்சிருக்கோம். ஆபீஸ்ல விசாரிச்சா மாட்டிக்குவேன்," என்று பெயரை அடித்துவிட்டுப் போய்விட்டான். சாண்ட்ராவால் அவனைத் திட்டவும் முடியவில்லை. மூன்று நாள் முன்புவரை அவளும் அதே ரகம்தானே.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பத்தொன்பது பெயரோடு ராமதாஸ் முன்னால் நின்றாள். பக்கத்தில் டில்லிபாபு, பின்னால் கார்குழலி. ராமதாஸ் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக எண்ணினார். எண்ணூர். காலடிப்பேட்டை. ராயபுரம். காசிமேடு. விரல் ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் நின்று போனது.

"பத்தொன்பது," என்றார். "இருபதுன்னா இருபது, மேடம். ரூல் நான் போட்டது இல்ல."

"ஒருத்தர்தான், சார். திங்கக்கிழம கொண்டாந்துர்றேன். ஞாயித்துக்கெழம நான் ஒரு வீட்டுக்குப் பதில் சொல்லணும், சார்." மஞ்சள் கிரேன் கண்ணெதிரே தெரிந்தது. மூன்றரை மணிக்கு எழுந்து வண்டியை உதைக்கும் அலெக்ஸாண்டரும் தெரிந்தான். அவள் கைக்குட்டையைத் தேடினாள்.

ராமதாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, பட்டியலின் அடியில், கோணல் இல்லாத எழுத்தில் எழுதினார்: 'ராமதாஸ். டோல்கேட்.'

பெட்ரோல் பங்க் சந்தும் ஏழு மணி மீன் வண்டியும் அப்போதுதான் சாண்ட்ராவுக்கு உறைத்தன.

"ஆறு வர்சமா பெரம்பூர்ல கீறேன், ரெக்கார்டுல," என்றார் ராமதாஸ், தலையைத் தூக்காமலே. "முன்னாடி ஜன்னல் சீட்டு எனுக்கு. அத மட்டும் யாரும் கேக்கக் கூடாது. ஒண்ணாம் தேதிலர்ந்து வண்டி வரும்." ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மேசையே அதிர்ந்தது.

அன்று மாலை எழும்பூர் பஸ்ஸில் சாண்ட்ரா போனை எடுத்தாள். அந்தப் பஸ்ஸில் பதினான்கு மாதமாகக் காதோரம் முணுமுணுத்தே பேசிப் பழகியவள், அன்று ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினாள்.

"அலெக்ஸு! வூடு நம்பள்து! ஞாயித்துக்கெயம வரைக்கும் இன்னாத்துக்கு? இப்பவே போயி வேதமாணிக்கம் சார்கிட்ட சாவிய வாங்கு! ஆமாய்யா, பஸ்ஸு வர்து, கல்மண்டபத்துக்கே வர்து!"

சோழிங்கநல்லூர்க் கனவான்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து டில்லிபாபுவின் குரல் வந்தது: "மொட்ட மாடி பெர்சா கீதா, சாண்ட்ரா? இருவது பேரு ஒக்காரலாமா?"

"தாராளமா வாங்க! துணி காயும், குன்ஞ்சி வரணும், அவ்ளோதான்!"

எழும்பூரில் இறங்கியதும் அன்று யாரும் ஜூஸ் குடிக்கவில்லை. பூ வாங்கவில்லை. மருந்துக் கடைக்காரர் தன் நோயாளியை வீணாக எதிர்பார்த்தார். கழுத்தில் அட்டைகள் ஆட, பெரிய கும்பலாகத் திருவொற்றியூர் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதும், "ராயபுரம்!" என்று சாண்ட்ரா சொன்ன சத்தத்தில் அவர் ஒரு அடி பின்வாங்கினார். புது வீட்டுக் கதவு எண்ணையும் சேர்த்துச் சொல்லாததுதான் பாக்கி.