மாப்பிள்ளையின் முதுகு

மூன்று வாரமாக ஜெகதீசனுக்கு உட்கார்ந்தால் நிற்க வேண்டும், நின்றால் நடக்க வேண்டும். சோற்றுத் தட்டின் முன்னால்கூடக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் தங்கை புருஷன் நிர்மலின் முதுகு.

மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த வருஷம் புனே போலீஸில் ஆயுதக் குழு ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். இருவருமே தேர்வானார்கள். மாசமாக இருந்த தங்கை தமிழரசி அழுது ஓய்ந்து, கடைசியில் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: அவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஜெகதீசனும் பெரிய மனுஷனாகத் தலையாட்டிவிட்டான். அங்கேதான் வந்தது வினை.

புனேயை ஒட்டிய போசரியில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையில் பயிற்சி. பலகை அடித்து அறை அறையாகத் தடுத்திருந்தார்கள். நான்கு பேர் கதவோரம் ஒட்டி நிற்பார்கள். பின்னால் இருப்பவன் தோளை அழுத்தியதும் முதல் ஆள் பாய்வான். அவன் இடப்பக்கம் போனால் இரண்டாம் ஆள் வலப்பக்கம் போக வேண்டும். 'க்ளியர்' என்ற குரல் வரும்வரை அவரவர் மூலையை விட்டுக் கண் நகரக் கூடாது. முதல் ஆள் நிர்மல், இரண்டாம் ஆள் ஜெகதீசன். எதிரியாக உள்ளே பதுங்கியிருக்கும் காவலர் சுண்ணாம்பில் புரட்டிய டென்னிஸ் பந்தை எறிவார். பட்டவன் செத்தான் என்று கணக்கு.

ஜெகதீசனோ உள்ளே நுழைந்ததும் தன் மூலையை விட்டுவிட்டு, மாப்பிள்ளை பத்திரமாகப் போகிறானா என்று ஒரு பார்வை பார்ப்பான். அதற்குள் வலது மூலையிலிருந்து பந்து பறந்து வந்து நிர்மலின் முதுகில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். கண்ணை எடுக்காமல் பார்த்துப் பார்த்தே அவனை நாள்தோறும் சாகடித்தான் மச்சான்காரன்.

உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுக்கும் பழைய ராணுவக்காரர், பொறுமை இழந்தார். நாளைக்கும் இந்த முதுகில் சுண்ணாம்பு விழுந்தால் உன் இடத்தில் வேறொருவனை நிறுத்துவேன் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். முன்பின் தெரியாத எவனோ மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்பதா? ஜெகதீசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் கதவோரம் நிற்கையில் நிர்மல் திரும்பாமலே சொன்னான்.

"மச்சான், என்னப் பாக்காதீங்க. உங்க மூலையப் பாருங்க."

தன் தோள் அழுந்தியதும் ஜெகதீசன் நிர்மலின் தோளை அழுத்தினான். அவன் இடப்பக்கம் பாய, இவன் வலப்பக்கம் பாய்ந்தான். மூலையில் ட்ரம்முக்குப் பின்னால் காவலர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இரும்பில் எதுவோ மோதும் சத்தமும் "அம்மா" என்ற நிர்மலின் குரலும் கேட்டன. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, குண்டில்லாத துப்பாக்கியின் விசையை இழுத்தான். காவலர் கையை இறக்கினார். 'க்ளியர்' வருவதற்குள் ஜெகதீசனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகுதான் திரும்பினான். தடுக்கி விழுந்து இரும்புச் சட்டத்தில் நெற்றி கிழிந்து, முகமெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தான் நிர்மல். முதுகில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. இனி இருவரும் இப்படியே நிற்கலாம் என்றார் உஸ்தாத். சந்தோஷப்படுவதா அழுவதா என்று ஜெகதீசனுக்குத் தெரியவில்லை.

தையல் போட்டுக் கட்கியில் இருந்த வீட்டுக்குக் கூட்டிவந்தபோது தமிழரசி புருஷனின் நெற்றிக்கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ கூடத்தான இருந்த? அவரு விழுறப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

நிர்மல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள்.

"மாப்ளயப் பாக்கல," என்றான் ஜெகதீசன். "இனிமேயும் பாக்க மாட்டேன், தமிழு."