நூறு கிலோ பெல்ட்

என் பாதுகாப்பு பெல்ட்டின் உட்பக்கத்தில் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கும். அதிகபட்சம் நூறு கிலோ. ஆள், உடுப்பு, பூட்ஸ், இடுப்பில் தொங்கும் ஸ்கேனர் எல்லாம் சேர்த்து. வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில் நான் நூற்று இரண்டு கிலோ இருந்தேன். மூன்று மாதத்துக்குள் நூற்றுக்குக் கீழே வராவிட்டால் லிஃப்ட் வண்டியிலிருந்து இறக்கி பேக்கிங் கூடத்துக்கு மாற்றிவிடுவதாக சூப்பர்வைசர் சொன்னார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய கிடங்கில். பதினோரு தட்டு உயரத்துக்கு அலமாரிகள். லிஃப்ட் வண்டியில் நின்று, பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, மேலே போய்ப் பெட்டிகளை எடுத்து வரவேண்டும். பத்து வருடமாக இதுதான் என் வேலை. மேலே போய்விட்டால் என்னைப் பார்க்க ஆளில்லை. முகவாயில் முளைத்திருக்கும் முடியை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தாலும் கேட்பாரில்லை. கீழே பேக்கிங் கூடத்தில் நாற்பது பெண்கள் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, அக்கறையாகப் பேசியே ஆளைத் தீர்த்துவிடுவார்கள். ராத்திரி சாப்பாட்டை நிறுத்து, வெந்நீர் குடி, எங்கள் அத்தை மகள் ஒரே மாதத்தில் எட்டு கிலோ குறைத்தாள் என்பார்கள். அந்த அத்தை மகள் மட்டும் என் கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்துவிடுவேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். முப்பதில் தைராய்டும் வந்து சேர்ந்தது. ஒன்று படுத்துகிற பாடு போதாதென்று துணைக்கு இன்னொன்று. மாதவிடாய் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் நாலு மாதம் எட்டிப் பார்க்காது. எடை மட்டும் ஒருநாளும் என்னைவிட்டுப் போனதில்லை.

அந்த மூன்று மாதமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. பிறகு ஒரு மணி நேரம் ஒரு வாய் காபிகூட இல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டதும் நீர்க்கட்டிக்கான மாத்திரை. அது வயிற்றைக் கலக்கும். லிஃப்ட் வண்டியை அவசரமாகக் கீழே இறக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடிய நாட்கள் எத்தனையோ. வேலைக்குப் போகும்போது மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடிகாலை ஷிப்டு முடித்து வந்துவிடுவதால் மாலைச் சமையல் அவருடையது. என் தட்டில் எது எவ்வளவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, கரண்டியால் அளந்துதான் போடுவார். தினமும் எடை பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னதால், வீட்டிலிருந்த எடை மெஷினைக்கூடத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கெடு முடிந்த நாளில் கிடங்கின் நர்ஸ் விடுப்பு. சரக்கு இறங்கும் இடத்திலிருக்கும் தராசிலேயே பார்த்துவிடலாம் என்றார் சூப்பர்வைசர். அந்தத் தராசைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் பெயர் சம்பளச் சீட்டில்தான் உண்டு, எங்களுக்கெல்லாம் அவர் தராசு அண்ணன். பூட்ஸோடும் பெல்ட்டோடும் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். தொண்ணூற்று எட்டு என்று அண்ணன் குரல் கேட்டது. சூப்பர்வைசர் தாளில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து வருடத்தில் என் உடம்பு என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். தங்கைக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னேன்ல, மனசு வச்சா முடியும்னு" என்றார். அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குத் தேனாக இருந்தது.

பத்து நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனோம். அங்கே மெஷின் நூற்று மூன்று காட்டியது. உங்கள் மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்றேன். நர்ஸ் தானே ஏறி நின்று, அது சரியாக இருப்பதைக் காட்டினாள். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட தாளை டாக்டரம்மா முகத்துக்கு நேரே ஆட்டினேன். அவர் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுவதைப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவைப் புரட்டினார்.

"இது சாப்பாட்டால மட்டும் வந்த எடை இல்லம்மா. தைராய்டு சுரக்கிறது இன்னும் குறைஞ்சிருக்கு, மருந்து பத்தல. அளவைக் கூட்டணும்."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாலும் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் காதில் நூற்று மூன்று மட்டும் ஏறியது.

மறுநாள் காலையில் அவர் என் சாப்பாட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மாலையில் குப்பைக்கூடையையும் கிளறியிருந்தார். வெளியில் என்ன சாப்பிடுகிறாய் என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தேன்.

"பத்து நாள்ல அஞ்சு கிலோ காத்துலயா வந்துச்சு?" என்றார்.

அதைவிடக் கொடுமை, எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பேக்கிங் கூடத்துப் பெண் ஒருத்தி பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக்கில் பாதி தின்றது ஞாபகம் வந்தது. பாதி கேக்குக்கு ஐந்து கிலோவா? தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனோ என்றுகூட யோசித்து, பாத்திரங்களை அடையாளம் வைத்து மூட ஆரம்பித்தேன்.

அந்த வார முடிவில், டீ நேரத்தில் ஆளில்லாதபோது தராசு அண்ணனிடம் போனேன். என்னை இன்னொரு முறை எடை போடச் சொன்னேன். இப்போது எதற்கு என்று மழுப்பினார். நானே ஏறினேன். நூற்று மூன்று. நான் அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு ட்ரே எடையைக் கழிச்சுட்டேன்மா" என்றார்.

சரக்கு வருவது பெரிய பிளாஸ்டிக் ட்ரேக்களில். காலி ட்ரே ஐந்து கிலோ. எடை போடும்முன் ஒரு பொத்தானை அழுத்தி அதைக் கழித்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் கணக்கில் வரும். நாள் முழுக்க அண்ணன் செய்கிற காரியம் அது. எனக்கும் அதையே செய்திருக்கிறார்.

"என் பொண்டாட்டிக்கும் தைராய்டுதான். அவ பட்டினி கிடந்ததை நான் பார்த்திருக்கேன். உனக்கு அந்த வண்டி போயிடக் கூடாதுன்னுதான் செஞ்சேன். நூறுன்னு போட்டிருந்தா நூத்தைம்பது தாங்கும்மா அந்த பெல்ட்டு."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. நான் திருட்டுத்தனமாகத் தின்னவில்லை. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தத் தொண்ணூற்று எட்டும் என்னுடையது இல்லை, ஒரு காலி ட்ரேயினுடையது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். நல்லது செய்துவிட்ட முகத்தோடு நிற்கிற மனிதரை என்னவென்று திட்டுவது? திரும்பி என் வண்டிக்கு வந்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி எனக்கு. ஆனால் வீட்டில் நான் சோற்றுத் திருடி. வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னால், அவர் அந்த பெல்ட்டை நம்பி என்னை ஒரு நாள்கூட மேலே விடமாட்டார். அவரே சூப்பர்வைசருக்கு போன் போடுவார், அண்ணன் வேலையும் போகும். மூன்று நாள் இதையே மென்றுகொண்டு மேலே போய்வந்தேன். மூன்றாம் நாள் பதினோராம் தட்டில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. பத்து வருடத்தில் ஆயிரம் தடவை குலுக்கியிருக்கும். அன்றைக்குக் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. அப்படியே வண்டியை இறக்கினேன்.

சூப்பர்வைசரிடம் மருத்துவமனைச் சீட்டைக் காட்டினேன். அன்றைக்கு எனக்கு முன்னால் எடை போட்ட சரக்கின் ட்ரே எடை கழிந்தபடியே தராசு இருந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை என்றேன். அவர் சரக்கு இறங்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பெல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் என் வண்டியில் வேறொரு பெண் நின்றாள். ஒல்லிப் பெண். பெல்ட்டை நான் போட்டிருந்த துளையிலிருந்து ஆறு துளை இறுக்கினாள். மிச்ச நேரம் நான் பேக்கிங் கூடத்தில் நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன்.

மாலையில் வீட்டுக்காரர் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். தராசு, ட்ரே, பெல்ட், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அந்த வண்டியை விட்டுக்கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப மூணு மாசத்துல ஒரு கிலோகூடக் குறையலையா?"

"ஒரு கிலோ கூடியிருக்கு. மருந்து பத்தலைன்னு டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல."

"அவங்க ஆறுதலுக்கு ஏதாவது சொல்லுவாங்க." அவர் குரலில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. "அப்ப பத்து நாளா இல்ல. இந்த மூணு மாசமும் எனக்குத் தெரியாம சாப்பிட்டுட்டுதான் இருந்திருக்க."

என் தட்டில் போட்டதிலிருந்து ஒரு கரண்டியை அள்ளித் திரும்பப் பாத்திரத்தில் போட்டார். பிறகு தட்டை என் முன்னால் நகர்த்தி வைத்தார். நான் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டேன்.