ஒரே பட்டியில் இரண்டு மாப்பிள்ளைகள்

காலையில் பட்டியின் நடுக்கதவு திறந்து கிடப்பதையும், இளம் பெட்டை ஆடுகள் சிலவற்றின் பின்புறம் சிவந்திருப்பதையும் பார்த்ததும், முந்தின நாள் சாயங்காலம் அவனுக்கு மொத்தமாக ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டியில் மிதவை சிக்கிக்கொண்டு நீர் வழிந்தது. அதைச் சரிசெய்யப் போனான். முழங்காலைத் தொட்டியில் இடித்துக்கொண்டாலும் சரியும் செய்துவிட்டான். அந்தப் பெருமையை மனைவியிடம் எப்படி எடுத்துவிடலாம் என்று வசனம் யோசித்துக்கொண்டே, கதவுக்குத் தாழ் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

கதவுக்கு அந்தப் பக்கம் கிடா இருந்தது. சினைக்கு விடும் காலத்தில் கிடாவின் நெஞ்சில் சாயம் பூசிவிடுவார்கள். அது எந்த ஆட்டோடு சேர்கிறதோ அந்த ஆட்டின் மேல் சாயம் ஒட்டும். எது எப்போது குட்டி போடும் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். இந்தப் பக்கம் இருந்த பெட்டைகளோ அந்தக் கிடாவுக்கே பிறந்த மகள்கள். அப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டி பெரும்பாலும் நோஞ்சானாகப் போகும். கொழுகொழு குட்டிக்குப் பேர் வாங்கிய மந்தையில் அது நடக்கவே கூடாது. அதற்காகத்தான் அந்தக் கதவையே போட்டிருந்தார்கள்.

நொண்டிக்கொண்டே போய் மாமனாரிடம் சொன்னான்.

அவர் தீவனத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல், "தாழு போட்டீங்களா?" என்றார். 

"போடல மாமா."

"ம்."

"இப்ப என்ன செய்யலாம்?"

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' அவனுக்குப் புதிதல்ல. பெண் கேட்டுப் போனபோதும் அதைத்தான் சொன்னார். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் என்பது புரிவதற்குள் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஆட்டு டாக்டர் வந்து, ஒரு வாரம் போகட்டும், ஊசி போட்டால் கரு தங்காது என்றார். சிவந்த ஆடுகளைத் தனியாக அடைத்தார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் அவனும் நினைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் கல்யாணமாகி மாமனார் வீட்டுக்கு வந்த அதே வாரத்தில்தான் அந்தக் கிடாவும் லாரியிலிருந்து இறங்கியது. நல்ல வம்சம், நல்ல விலை. வீட்டில் எல்லோரும் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து "மாப்பிள்ள..." என்று குரல் கேட்டால் வாயைத் திறப்பதா வேண்டாமா என்று அவன் யோசிப்பான். நல்லவேளை, தமிழில் வாக்கியம் முடியும்போது ஆளா ஆடா என்று தெரிந்துவிடும். 'சாப்ட்டாரா' என்றால் அவன், 'சாப்ட்டுச்சா' என்றால் அது. மாமனார் வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க அவன் பழகியிருந்தான். ஆனால் மாமனாருக்குக் கிடாவின் மேல் பாசம் பொங்கினால் அதையும் 'அவரு' என்பார். அந்த நேரத்தில் இலக்கணமும் அவனைக் கைவிட்டுவிடும்.

இரண்டு நாள் கழித்து தீவன அறைக்குப் பின்னால் அவன் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே மாமனார் யாருடனோ போனில் பேசுவது கேட்டது.

"மாப்பிள்ளைய வச்சு இனிமே ஓட்ட முடியாதுங்க... குறை சொல்லல, நல்ல எடத்துலேர்ந்து வந்தவருதான்... தீனி கொஞ்சம் ஜாஸ்தி. இப்ப லேசா காலு வேற தாங்குறாரு... ஆமா, இங்க இருந்தது போதும். நல்ல எடமா இருந்தா அனுப்பிடலாம். எம்பொண்ணுதான் வருத்தப்படுவா, பழகிட்டா பாருங்க."

அவன் தன் முழங்காலைப் பார்த்தான். காலையில் தின்ற நாலாவது தோசையையும் நினைத்துப் பார்த்தான். ஒரு வார்த்தைகூடத் தப்பாக இல்லை.

ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவனை மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏங்க, உடம்பு சரியில்லயா?"

"தீனியக் குறைக்கிறேன்."

"எதுக்கு?"

"உங்கப்பா போன்ல சொல்லிட்டிருந்தாரு. என்னை வேற எடத்துக்கு அனுப்பப் போறாராம்."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் தண்ணீர் புரையேறும்வரை சிரித்தாள். "அது கிடாவா இருக்கும். நீங்களா இருந்தாலும் இருக்கலாம். கண்ணாடிக் கடைல மூக்குக்கண்ணாடி வித்த ஆளுக்குக் கதவு கண்ணுல படலன்னா எங்கப்பா என்னதான் செய்வாரு? அவர்கிட்டயே கேளுங்க."

கேட்கலாம்தான். கிடா என்று சொல்லிவிட்டால் சரி. சொல்லாவிட்டால்? திரும்பக் கண்ணாடிக் கடைக்குப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த இடத்தை விட்டுப் போக அவனுக்கு மனசில்லை. இத்தனைக்கும் வந்த புதிதில் ஆட்டு வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவன் அவன்.

மறுநாள் வேலையே இல்லாமல் குட்டிக் கொட்டகைக்குள் போய் நின்றான். முதல் வருஷம் குட்டி போடும் சமயத்தில் அவனும் அவளும் குப்புறக் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து பேசியதெல்லாம் அங்கேதான். புதுசாகக் கல்யாணமானவர்கள் எங்கெங்கோ ஊர் சுற்றப் போவார்கள். இவர்கள் பால் புட்டியோடு இந்த வைக்கோலில் சுற்றினார்கள். தாய் ஒதுக்கிய ஒரு குட்டியை அவன் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடேற்றினான். அது உள்ளேயே மூத்திரம் பெய்தது. "இப்பதான் நம்ம வீட்டு ஆளு ஆனீங்க" என்று அவள் சொன்னாள். மாமனார் ஒவ்வொரு குட்டியின் முதுகெலும்பிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து "ம்" என்பார். எலும்பு கையில் தட்டினால் சதை போதவில்லை என்று அர்த்தம், அந்தக் குட்டிக்கு "ம்" கிடையாது. அந்த "ம்"முக்காக அவன் ஒரு பரீட்சை மாணவனைப் போலப் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

அந்தக் கொட்டகை இன்றைக்கு இல்லை, பின்னாளில் பிரித்துவிட்டார்கள். அந்தத் தகரக் கூரையில் மழை பெய்யும்போது எழும் சத்தத்தில் மூன்று பேரும் கத்திக் கத்திப் பேசியது மட்டும் அவன் காதில் இன்னும் இருக்கிறது. என்ன பேசினார்கள் என்பதுதான் ஞாபகமில்லை.

ஊசி போடும் நாள் வந்தது. சிவந்த ஆடுகளை அவன் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள, மாமனார் காதில் அடையாளம் பார்த்துச் சொல்ல, டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார். கடைசி ஆட்டை அவன் விடவில்லை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே நின்றான்.

"விடுங்க மாப்பிள்ள, அது என்ன பாவம் செஞ்சுச்சு."

"மாமா, அன்னைக்கு போன்ல பேசினீங்களே. அனுப்பிடலாம்னு. அது யாரை?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் இருக்கவா, போகவா? அத மட்டும் சொல்லுங்க."

மாமனார் கைத்துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெளியே கிடா வேலியில் கொம்பை உரசும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை, முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கிடாவைத்தான் சொன்னேன். அதோட பொண்ணுங்க வளர்ந்தாச்சு, இனி அது இங்க இருக்கக் கூடாது. நீங்க இருங்க. எம்பொண்ணுக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. வேலைய மட்டும் பாத்திருந்தா உங்களை மொத வருஷமே அனுப்பியிருப்பேன். நீங்க போயிட்டா இந்தப் பட்டில எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல."