உப்பளத்துத் தேன்

உப்பு வாரி முடித்தவர்கள் மோட்டார் கொட்டகையருகே நல்ல தண்ணீரில் கால் கழுவி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலில் புண் இல்லாதவர் அந்த வரிசையில் யாருமில்லை. அமுதவல்லி தேன் டின்னைத் திறந்து, புருஷன் தேசப்பனின் குதிகாலைத் தன் மடிமேல் எடுத்து வைத்தாள். ஒரு மாதமாக ஆறாத வெடிப்பு. நாலு நாளாகத் தேன் தடவியதில் ஓரம் மூடத் தொடங்கியிருந்தது.

கழுவேலி உப்பங்கழி ஓரத்துக் கண்டல் மரங்களுக்கு எதிரே, வரப்பில் ஆறு தேனீப் பெட்டிகள் இருந்தன. பெட்டி தேன் விற்கும் கம்பெனியுடையது, பார்த்துக்கொள்வது அவள். எடுக்கும் தேனையெல்லாம் கம்பெனிக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. கால்களுக்காக இந்த ஒரு டின்னை மட்டும் அவள் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

கம்பெனி ஆள் விஜயகுமார் வேனை விட்டு இறங்கி வந்து போனை நீட்டினான்.

"பாருங்கக்கா, லேப் படம். தட்டுல கிருமிய வளர்த்து நடுவுல தேன் வச்சாங்க. மலைத்தேன சுத்தி கிருமி செத்தது இத்துனூண்டு. உங்க தேனுக்கு இம்மாம் பெரிய வட்டம்."

"ரெண்டும் ஒரே ஈதான?"

"ஈ ஒண்ணுதான். மண்ணும் பூவும் வேற இல்ல?"

அமுதவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப எங்க ஊரு பேரு போடுவீங்களா?"

அவன் கம்பெனிப் பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினான். லேபிளில் பச்சை மலையும் அருவியும் இருந்தன. "உப்பளம்னு போட்டா எவன் வாங்குவான்? தேன்னா மலைதான். அந்த டின்னயும் குடுங்கக்கா. காலுல தடவி வீணாக்குறீங்க."

"வீணா? இந்தக் காலு நின்னு வெந்தாதான் உன் சோத்துக்கு உப்பு. எங்க ஊரு மரக்காணம்னு போட்டு எடுத்துக்கினு வா, மொத்தமும் தரேன். இல்லன்னா ஒரு சொட்டு கெடையாது."

"பெட்டி எங்களுது, தெரியும்ல?"

"எடுத்துக்கினு போ. முடிஞ்சா கண்டல் மரத்தயும் பேத்து வேன்ல ஏத்திக்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். விஜயகுமாருக்கு முகம் கறுத்தது. பெட்டி வாசல்களில் துணி திணிக்கச் சொல்லி டிரைவரை ஏவினான்.

"இப்ப மூடாத தம்பி, மணி நாலுதான் ஆவுது. பாதி ஈ பூவுல கெடக்குது. இருட்டுன பெறவு எடு."

"எங்களுக்கு வேற வேல இருக்குது."

ஆறு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிப் போனது. "பெட்டி போச்சே" என்றான் தேசப்பன்.

"போவட்டும். கால ஆட்டாத."

வெயில் சாய்ந்தது. கண்டல் பூவிலிருந்து ஈக்கள் திரும்பி வந்தன. பெட்டி இருந்த கற்களின் மேல் உட்கார்ந்தன, எழுந்தன, வெறுங்காற்றில் வாசலைத் தேடின. கொஞ்ச நேரத்தில் அவை ஒவ்வொன்றாக வந்து டின்னின் விளிம்பில் மொய்த்தன. அவள் விரட்டவில்லை.

"அடுத்து யாரு, கால நீட்டு" என்றாள்.