சரிக்கட்டு

என் வீட்டுக்காரர் வாயில் இப்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் சரி. வேண்டாமா என்றால் அதற்கும் சரி. விளக்கைப் போடு என்று அவர் என்னிடம் சொல்வதற்கும் சரி, ஏன் இவ்வளவு நேரம் என்று முறைப்பதற்கும் அதே சரிதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு விழுந்த அன்று வலது கையும் காலும் பேச்சும் சேர்ந்தே போயின. கை காலில் பாதி திரும்பி வந்தது. பேச்சில் இந்த இரண்டெழுத்து மட்டும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத மனுஷன், இப்போது எதைச் சொன்னாலும் சரி என்கிறார் என்று, பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் நானே சொல்லிச் சிரித்தேன். அவர்கள் போனதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உள்ளே சொல்லெல்லாம் இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். விடாமல் பயிற்சி கொடுத்தால் திரும்பி வரலாம், இந்த ஒரு வருடம்தான் முக்கியம், நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். யார் நிறுத்தப்போகிறார்கள்? காசு நிறுத்தினால்தான் உண்டு.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணத்தையும் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் போட்டார். பத்தில் ஆறு பாகம் பங்குச் சந்தை ஃபண்டில், நாலு பாகம் கடன் பத்திர ஃபண்டில். பங்கு நன்றாக வளரும், ஆனால் ஆடும். கடன் பத்திரம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் நம்மைத் தூங்கவிடும் என்பார். லிஃப்ட் பெட்டிக்கு எதிராக மறுபக்கம் எடை தொங்குகிறதே, அந்த மாதிரியாம். இரண்டில் எது கனத்தாலும், மாதத்தின் முதல் வேலைநாளில் கம்ப்யூட்டர் தானாகவே கனத்த பக்கத்தில் கொஞ்சம் விற்று, இளைத்த பக்கத்தில் வாங்கி, மறுபடியும் ஆறுக்கு நாலாக்கிவிடும். நிறுவனம் கொடுத்த தாளில் இதற்கு மறுசமநிலையாக்கம் என்று பெயர் போட்டிருந்தது. அது இவர் வாயில் நுழையவில்லை. சரிக்கட்டு என்றுதான் சொல்வார். முதல் தேதி வந்தால் சவரம் செய்துகொண்டே, இன்றைக்குச் சரிக்கட்டு நாள் என்று கண்ணாடியிடம் சொல்வார்.

அதோடு விட்டிருக்கலாம். வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை சந்தை விழுந்தபோது, ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்றபடியே போனில் எல்லாப் பங்கையும் விற்றுத் தள்ளியிருக்கிறார். விற்ற கையோடு சந்தை எகிறிவிட்டது. அந்தச் சூடு அவருக்கு ஆறவேயில்லை. அதனால் இந்த முறை ஒரு பூட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போனைத் தட்டி மாற்ற முடியாது, கையெழுத்துப் போட்டு மாற்ற முடியாது, நான் போய் நின்றாலும் மாற்ற முடியாது. அவரே தன் வாயால் சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்துகொள்வார்கள், அப்புறம்தான் மாற்றம்.

"பயந்தா முதல்ல ஓடறது கைதான்," என்றார் அன்று. "வாயால சொல்லணும்னு வெச்சுட்டா, சொல்றதுக்குள்ள புத்தி வந்துடும்."

நானும் மண்டையை ஆட்டினேன். கையைக் கட்டிப்போட்டுக்கொண்டவருக்கு வாய் போகும் என்று யார் கண்டது?

அவர் விழுந்த இரண்டாம் மாதம் சந்தையும் விழ ஆரம்பித்தது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் தினமும் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பங்குச் சந்தை மீண்டும் சரிவு என்பாள். இவர் நாற்காலியில் இருந்தபடி, சரி என்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. சரிகிறது என்று சொல்ல வருகிறாரா, சரிக்கட்டு என்று சொல்ல வருகிறாரா, இல்லை சும்மா வாயில் இருப்பதுதான் வருகிறதா? மூன்றும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று உற்றுப் பார்த்தேன். அவரும் என்னையே உற்றுப் பார்த்தார்.

மாதா மாதம் ஒரு தொகை கடன் பத்திர ஃபண்டிலிருந்து எங்கள் கணக்குக்கு வரும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தார். பேச்சுப் பயிற்சிக்கு அதுதான் போகிறது. பல் டாக்டர் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து நான் வாங்கும் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். முதல் தேதி போனைத் திறந்து கணக்கைப் பார்த்தேன். விழுந்துகொண்டே இருக்கிற பங்கு ஃபண்டுக்குள் கடன் பத்திர ஃபண்டிலிருந்து ஒரு பெரிய துண்டு போயிருந்தது. பங்கு இளைத்துவிட்டதாம், கடன் பத்திரம் கனத்துவிட்டதாம். அடுத்த மாதமும் அப்படியே. ஊட்ட ஊட்ட அது இளைத்தது. எங்கள் பயிற்சிக் காசை எடுத்து அதன் வாயில் போடுகிற ஏற்பாட்டைச் செய்தவர், பக்கத்தில் உட்கார்ந்து சரி என்றார்.

நிறுவனத்துக்குப் போனேன். எங்கள் கணக்கைப் பார்க்கிற இளைஞருக்கு நான் வைத்த பெயர் சிரித்தமுகம். நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் ஒரே அளவு சிரிப்பு. திட்டத்தில் தப்பே இல்லை, விலை குறையும்போது வாங்குவதுதான் புத்திசாலித்தனம், பத்து வருடம் பொறுத்தால் பலன் தெரியும், எப்படியும் பத்தில் நாலு பாகம் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எந்தப் பத்தில் நாலு என்று கேட்டேன். போன வருடத்துப் பத்து வேறு, இந்த மாதம் சுருங்கிப்போன பத்து வேறு. அதற்கும் அதே அளவு சிரித்தார். பத்து வருடம் பொறுக்கிறவர்களுக்கு அது நல்ல திட்டமாகவே இருக்கட்டும். எங்களுக்கு இந்த ஒரு வருடம்தான் இருக்கிறது.

கைரேகை வைக்கலாமா என்று கேட்டேன். பூட்டுப் போட்ட கணக்குக்குக் குரல் மட்டும்தான். இடது கையால் எழுதிக் கொடுத்தால்? குரல்தான். இவர் சார்பில் நான் சொல்லலாமா? அதற்கும் இவரே வாய்விட்டு எனக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகலாம், அங்கே எப்படியும் ஒரு வருடம் இழுக்கும். எல்லாவற்றையும் அந்த இளைஞர் வருத்தத்தோடுதான் சொன்னார். திட்டுவதற்காவது ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பதிவு செய்கிற கருவியோடு அவரே வீட்டுக்கு வருவார். அடையாள அட்டையை நேரில் பார்த்துக்கொள்வதால் பெயர், பிறந்த தேதி எதுவும் சொல்ல வேண்டாம். ஒரே கேள்வி: தொடரணுமா, நிறுத்தணுமா? நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். சரிக்கட்டு நின்றுவிடும், பங்கில் மிஞ்சியதையும் கடன் பத்திரத்துக்கு மாற்றிவிடலாம். மூன்று தடவை கேட்கலாம். அதற்குமேல் அடுத்த காலாண்டில்தான்.

அன்று சாயங்காலம் இரண்டு தாளில் எழுதி இவர் முன்னால் வைத்தேன். ஒன்றில் தொடரட்டும், மற்றதில் நிறுத்து. இவர் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய திட்டம். அவர் விருப்பம் தெரியாமல் நான் கைவைக்கக் கூடாது இல்லையா? இடது கையை நிறுத்து என்ற தாளின் மேல் வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை, தட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாளில் விழுந்தது. எனக்கு உயிர் வந்தது போல இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணை இவருக்குப் பிடிக்கும். மற்றவர்களைப் போல குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசமாட்டாள். நிறுத்து என்ற சொல்லை மூன்றாக வெட்டி, இவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்டித் தட்டி, கிட்டத்தட்டப் பாட்டாகவே சொல்லவைத்தாள். நி, றுத், து. முதல் வாரம் சரி, சரி, சரி என்று மூன்று தட்டுக்கும் மூன்று சரி வந்தது. பிறகு நி வந்தது. பிறகு ஒருநாள் முழுசாக வந்துவிட்டது. அவள் கைதட்டினாள், நான் அவளைக் கட்டிக்கொண்டேன், இவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, சரி என்றார்.

வீட்டிலும் விடவில்லை. காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும் முன்னும், சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும், மேசையில் தட்டிக்கொண்டே இருந்தோம். கீழ்வீட்டுக்காரர் வந்து ஏதாவது ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தட்டினால் பத்துக்கு நாலு தடவையாவது வந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கு எனக்கே வேடிக்கையாக இருந்தது. கிளினிக்கில் பல்வலிக்காரர்களிடம், இதோ ரெண்டு நிமிஷம் என்று சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் நிறுத்து, நிறுத்து என்றே ஓடியது.

சிரித்தமுகம் சொன்ன நாளில் வந்தார். இவருக்குச் சவரம் செய்துவிட்டு, வேலையில் இருந்தபோது போட்ட நீலச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தேன். கருவியை மேசையில் வைத்தவர், என்னிடம் கொஞ்சம் தயங்கினார்.

"நீங்க இருக்கலாம்மா. ஆனா ஒண்ணும் சொல்லிக் கொடுக்கக் கூடாது."

"நான் வாயே திறக்கமாட்டேன். மேசையில தட்டலாம் இல்லையா?"

"அதுவும் சொல்லிக் கொடுத்த மாதிரிதான் ஆகும். பதிவைக் கேட்டு முடிவு பண்றது நான் இல்லம்மா, மேல இருக்கறவங்க."

இவர் தட்டலாமா என்று கேட்டேன். அவராகத் தட்டினால் தட்டட்டும் என்றார். என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இல்லாவிட்டால் அவை தாமாகப் போய்விடும் என்று பயமாக இருந்தது.

முதல் தடவை கேட்டபோது, சரி என்றார். அது பரவாயில்லை, எப்போதும் முதலில் அதுதான் வரும். இரண்டாவது தடவை கேட்டபோது இடது கையை மேசைமேல் வைத்தார். தட்டவில்லை. என்னைப் பார்த்தார். நான் தட்டுவேன் என்று காத்திருந்தார். நான் தட்டுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்தச் சொல்லை எட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவராகத் தட்டிச் சொல்ல நான் ஒருநாளும் விடவில்லை. அவசரம், கையை நானே பிடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

"ஐயா, கடைசியா கேக்கறேன். நிதானமா சொல்லுங்க. தொடரணுமா, நிறுத்தணுமா?"

இவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தலையை இல்லை இல்லை என்று பலமாக ஆட்டினார். தலை ஆட்டுவது கருவிக்குக் கேட்காது. "சரி," என்றார். "சரி, சரி, சரி." ஒவ்வொரு சரியும் முந்தினதைவிடக் கோபமாக வந்தது. கடைசிச் சரி கிட்டத்தட்ட ஒரு அலறல்.

சிரித்தமுகத்தின் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை. பதிவை நிறுத்தினார். தெளிவான பதில் இல்லாததால் ஏற்பாடு தொடரும் என்றுதான் எழுத முடியும், மன்னித்துவிடுங்கள் என்றார். இவர் நினைப்பது என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கருவியைப் பையில் வைத்துக்கொண்டு, இவருடைய இடது கையைத் தொட்டுவிட்டுப் போனார். இவர் குனிந்து சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். நாளை மறுநாள் முதல் தேதி. இன்னொரு துண்டு போகும். அந்தப் பெண்ணிடம் இனிமேல் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் போதும் என்று சொல்ல வேண்டும், அப்புறம் அதுவும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்த மனுஷன் சாகிறவரை சரி என்று சொல்லிக்கொண்டே இருப்பார், நான் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பேன். நினைக்க நினைக்க அழுகை கூடியது.

காலை இழுத்து இழுத்து அவர் வரும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். இடது கையை என் தோளில் போட்டார்.

"நிறுத்து," என்றார்.

தட்டாமல், வெட்டாமல், பழைய குரலில், பழைய அதட்டலில். எனக்கு அழுகை அப்படியே நின்றது. அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடினேன். கீழே சிரித்தமுகம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கத்திக் கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார், படியை நோக்கி வந்தார். வண்டிக்காரர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பி ஓடிவந்து இவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, இப்ப சொன்னீங்களே, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க. அவர் வந்ததும் சொல்லணும். சொல்வீங்களா?"

இவர் என் முகத்தை இடது கையால் துடைத்துவிட்டார். அவருக்கும் சந்தோஷம்தான்.

"சரி," என்றார்.