சிவப்பு அட்டை இல்லாத பாடம்

கூதிர் கழிந்து முன்பனி தொடங்கும் நாள்கள் அவை. மழை விடைபெற்றுவிட்டதா, வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று துணிய முடியாதபடி வானம் வெண்சாம்பல் பூத்துக் கிடந்தது. வெயில் வந்தாலும், நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்தவர்போலச் சுவரைப் பற்றிக்கொண்டே வந்தது. மரங்கள் நனைந்த இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தன. அவற்றுக்கு அவசரம் இல்லை. ஒவ்வோர் உயிரும் தன்னுள் ஒடுங்கி, தனக்கு வாய்க்காத வெம்மை வேறெவர்க்கு வாய்த்தது என்று எண்ணத் தொடங்கும் பருவம்.

தையற்கடையின் மேல்மாடியில் நடந்த ஆங்கில வகுப்பில், பெரிய டீச்சரின் நெஞ்சில் அந்த எண்ணம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. அங்கே பாடம் சொன்னவர்கள் இருவர், உடன்பிறந்தவர்கள். மூத்தவளைப் பெரிய டீச்சர் என்றும் இளையவளைச் சின்ன டீச்சர் என்றும் மாணவர்கள் அழைத்தார்கள். மாணவர்கள் என்றாலும் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்: டாக்சி ஓட்டுநர், நர்ஸ், கணக்கர், மருந்துக்கடைக்காரர்.

வண்ண அட்டைகளை முதலில் வெட்டியவள் மூத்தவள்தான். வினைக்குச் சிவப்பு, எப்படி என்று சொல்லும் சொல்லுக்கு மஞ்சள், எங்கே என்று சொல்லும் தொடருக்கு நீலம், எப்போது என்பதற்குப் பச்சை. “வினைதான் ராஜா. நம்ம மொழியில ராஜா கடைசியா சபைக்கு வருவார், எல்லாரும் வந்து காத்திருக்கணும். இங்கிலீஷ்ல ராஜா முன்னாடியே நடந்துடுவார், பரிவாரம் பின்னால வரும்” என்று விளக்கி, ‘வாக்ஸ்’, ‘ஸ்லோலி’, ‘டு தி டோர்’, ‘இன் தி ஈவ்னிங்’ என்று அட்டைகளைப் பலகையில் வரிசையாக ஒட்டுவாள். நம் மொழியில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உருபு, அங்கே தனிச் சொல்லாகிப் பெயருக்கு முன்னே நின்று கதவு திறப்பதையும் சொல்லுவாள். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை, சிலர் தூங்கியதுண்டு.

பிறகு இளையவளும் அங்கே பாடம் சொல்ல வந்தாள். அதே அட்டைகளை மாணவர்களின் கையில் கொடுத்து, அவர்களையே வாக்கியமாக நிற்கவைத்தாள்.

“பச்சை அட்டைக்காரரே, உங்களுக்கு மட்டும் சலுகை. கடைசியிலயும் நிக்கலாம், ஓடிப்போய் எல்லாருக்கும் முன்னாலயும் நிக்கலாம்.”

“அப்போ நான், டீச்சர்?” என்றார் மஞ்சள் அட்டையைப் பிடித்திருந்த ஓட்டுநர்.

“நீங்களும் கொஞ்சம் சுத்தலாம். ஆனா ‘ஸ்பீக்ஸ்’க்கும் ‘இங்கிலீஷு’க்கும் நடுவுல மட்டும் நுழையாதீங்க. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல மாமியார் உட்கார்ந்த மாதிரி ஆயிடும்.”

“எங்க வீட்டுல அப்படித்தான் டீச்சர் உட்கார்ந்திருக்காங்க!”

சிரிப்பொலி தடுப்புப் பலகையைத் தாண்டி அடுத்த அறைக்கு வந்தது. பெரிய டீச்சர் சாக்கட்டியை ஒடித்துவிட்டு, ஒடித்ததை அறியாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டுநர் சென்ற மாதம்வரை அவளுடைய முன்வரிசையில் இருந்தவர். ‘என் அட்டை, என் மாணவர்’ என்று மனம் உள்ளுக்குள் அரற்றியது. மாலையில் வீட்டில் விளக்கேற்றிப் பாசுரம் பாடும்போதும் நாக்கு இறைவனைப் போற்ற, காது மட்டும் அடுத்த அறைச் சிரிப்பிலேயே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்தின் முதலாளி ஒரு செய்தி சொன்னார். வினையோடு மற்றச் சொற்கள் சேரும் பாடத்தை வீடியோ எடுக்கப்போகிறார்கள். எல்லாக் கிளைகளிலும் அதையே காட்டுவார்கள். அந்தப் பாடத்தை நடத்துபவரே வெளியூரில் தொடங்கும் புதிய கிளைக்குத் தலைமை ஏற்பார். பெரிய டீச்சர் நெடுங்காலமாக எதிர்பார்த்திருந்த பதவி அது.

“சின்னவங்களே எடுக்கட்டும்மா” என்றார் அவர். “அவங்க வகுப்பு கலகலன்னு இருக்கு. நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கங்க.”

“சந்தோஷம் சார்” என்றாள் மூத்தவள். வயிறு எரிந்தது.

வீடியோ எடுக்கும் நாள் பிற்பகலில், அறுந்த பொத்தானைத் தைத்துவர இளையவள் கீழ்க்கடைக்கு இறங்கினாள். மேசைமேல் அட்டைப்பெட்டி இருந்தது. மூத்தவள் அதைத் திறந்து, சிவப்பு அட்டைகளை மட்டும் பொறுக்கித் தன் கைப்பைக்குள் திணித்தாள். வினை இல்லாமல் எந்த வாக்கியம் எழுந்து நிற்கும்? இளையவள் திணறட்டும், முதலாளி திரும்பிப் பார்க்கட்டும், ‘பெரியவங்களே, நீங்க வாங்க’ என்று அழைக்கட்டும். ஆனால் கை, தன் பழக்கத்தை விடவில்லை. பெட்டிக்குள் குப்பைபோலக் கலந்து கிடந்த மற்ற அட்டைகளை அது தானே பிரித்தது. மஞ்சள், நீலம், பச்சை என்று அடுக்கி, ஓரம் தட்டி, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்ட் போட்டு மூடியது. அவள் அதை அறியவே இல்லை.

கேமரா தயாரானது. முதலாளி கடைசி வரிசையில் அமர்ந்தார். அவர் அருகில் பெரிய டீச்சர். இளையவள் பெட்டியைத் திறந்தாள். ரப்பர் பேண்ட் போட்ட மூன்று அடுக்குகளைப் பார்த்தாள். பெட்டியை அப்படி அடுக்கக்கூடிய கைகள் அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் இல்லை. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

மூத்தவளுக்கு அப்போதுதான் தன் கை செய்தது நினைவுக்கு வந்தது. சொல்லிவிடுவாள், இத்தனை பேர் நடுவில் சொல்லிவிடுவாள்.

“இன்னைக்கு வினைக்கு அட்டை கிடையாது” என்றாள் இளையவள். “எங்க அக்காதான் வினை. இந்தப் பாடத்தைக் கண்டுபிடிச்சவங்களும் அவங்கதான். அக்கா, முன்னால வாங்க.”

எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. அறையின் நடுவே அவள் நடந்தாள். நர்ஸ் ‘ஸ்லோலி’யைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள், கணக்கர் ‘டு தி விண்டோ’வோடு அவளைத் தொடர்ந்தார், மருந்துக்கடைக்காரர் ‘இன் தி ஈவ்னிங்’கைப் பிடித்தபடி முன்னாலா பின்னாலா என்று தவித்து, முன்னே ஓடினார். பெரிய டீச்சர் உட்கார்ந்தாள், நடந்தவர்கள் கலைந்தார்கள், ‘ஆன் தி சேர்’ ஓடிவந்தது. சிரித்தார்கள். எவரும் தூங்கவில்லை. அவள் எது செய்தாலும் சொற்கள் வந்து அவளைச் சூழ்ந்தன. அந்த மகிழ்ச்சி அவளைச் சுட்டது, அதைத் தனக்கு அளித்தவள் யார் என்பதால்.

பாடம் முடிந்ததும் முதலாளி இருவரையும் பாராட்டினார். புதிய கிளையை மட்டும் இளையவளுக்கே கொடுத்து, மறுநாளே கிளம்பச் சொன்னார்.

வீட்டில், ஈரத்துணிகள் தொங்கிய அறையில், மூத்தவள் கைப்பையை அப்படியே கவிழ்த்தாள்.

“ஏன்டி என்னைக் காட்டிக் கொடுக்கலை?”

“திருடப்போன இடத்துல வீட்டைப் பெருக்கிட்டு வந்தவளை என்னன்னு சொல்லி மாட்டிவிடறது? கேக்கறவன் சிரிப்பான்.”

“விளையாடாதே.”

“விளையாடலைக்கா.” இளையவளின் கண் கலங்கியது. “பெட்டியைப் பார்த்ததும் ஓன்னு அழணும்போல இருந்துச்சு. என்கிட்டே கேட்டிருந்தா அந்தக் கிளையையே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதுக்குத்தான் கேக்கலை. நீ விட்டுக்கொடுத்து எனக்கு வரணுமா?” மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இப்பவும் எரியுதுடி. பொய் சொல்ல மாட்டேன்.”

“எரியட்டும். நாளைக்குக் காலையில நான் கிளம்பணும். ஒரு வார்த்தை நல்லதா சொல்லி அனுப்பு. அது போதும்.”

மூத்தவள் விளக்கு மாடத்தின் முன் போய் அமர்ந்தாள். திரியைத் தூண்டினாள். வழக்கமான பாசுரத்தைத் தொடங்கினாள், முதல் அடியிலேயே நிறுத்தினாள். நெடுநாள் ‘எனக்கு’ என்றே வேண்டிய இடத்தில் இன்று ஒன்றும் வேண்டாமல், கைகூப்பி, சுடரை நோக்கி இருந்தாள். எரிச்சல் முழுவதும் அவியவில்லை. இருந்தும் அவள் தலை தாழ்ந்து தரையைத் தொட்டது.

எழுந்து வந்து, தங்கையின் உச்சியில் கை வைத்தாள்.

“எங்க போனாலும் நல்லா இரு. உன் வகுப்பு நிறையட்டும். என் வகுப்பை விடவும் நிறையட்டும், கண்ணு.”